கட்டையை இறக்குவதா, கணினியில் தூக்கி நிறுத்துவதா? வயதேறிய கொயரின் அடுத்த ஆல்பத்துக்கு நான்கு வழிகள்

மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், அரசரடி இறையியல் கல்லூரி, ஊர்ப் பெரிய தேவாலயங்கள் என்று நாலு பாகப் பாட்டிலேயே (மேலிருந்து கீழாகச் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல்கள்) வளர்ந்தவர்கள் நிறையப் பேர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கேசட் போட்ட கொயர்கள், அதாவது கூட்டுக்குரல் குழுக்கள், இன்று அறுபதை ஒட்டி நிற்கின்றன. கிறிஸ்துமஸ் கேரல் முடிந்து காபி குடிக்கும்போது "இன்னும் ஒரே ஒரு ஆல்பம் போட்டுடலாம்" என்று யாராவது தொடங்குவார்கள். தாராளமாகப் போடலாம். எந்த வழியில் போடுவது என்பதைத்தான் ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பதிவு தொடங்கிய பிறகு வழியை மாற்ற முடியாது, ஏன் என்பது கீழே வரும்.

கூட்டுக்குரல் குழுவின் பிற்கால ஆல்பம் எப்படிச் சொதப்பும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் பீச் பாய்ஸ். 1961-ல் கலிஃபோர்னியாவில் மூன்று வில்சன் சகோதரர்களும், அத்தை மகன் மைக் லவ்வும், நண்பர் அல் ஜார்டினும் சேர்ந்து தொடங்கிய குழு. 1992-ல் வந்தது 'சம்மர் இன் பாரடைஸ்'. பாகங்களைப் பிரித்து எழுதுவதில் அந்தக் குழுவின் மூளையாக இருந்த பிரயன் வில்சன் அதில் இல்லவே இல்லை. 1988-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'கோகோமோ'வின் அச்சிலேயே மறுபடி வார்த்தார்கள். பிறர் பாட்டுகள் சிலவற்றையும், 1961-ல் தாங்களே பாடிய முதல் பாட்டையும் எடுத்துப் பாடினார்கள். அப்போதுதான் வந்திருந்த புரோ டூல்ஸ் மென்பொருளை நம்பிப் பதிவு நடந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலில் அது இடமே பிடிக்கவில்லை.

இதற்கு வயதைக் காரணம் சொல்ல வழியில்லை. அந்த ஆல்பம் வந்த 1992 ஆகஸ்டில், சகோதரர்களில் இளையவரான கார்ல் வில்சனுக்கு 45, மைக் லவ்வுக்கு 51. இருபது ஆண்டு கழித்து, எழுபதை ஒட்டிய வயதில், அதே குழு 2012-ல் போட்ட ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது. அதில் பிரயன் திரும்ப வந்திருந்தார். உச்சிக் குரலுக்கு வயதில் இளைய ஜெஃப் ஃபாஸ்கெட் கைகொடுத்தார். திருத்தக் கருவியின் பளபளப்பு அதிலும் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் யார் எந்த ஸ்வரத்தில் நிற்பது என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதும் கேட்கிறது. நம் கொயர்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அந்த யோசனைதான்.

முதலில் குரல்களை அளந்துகொள்ளுங்கள்

முடிவெடுக்கும் முன் ஒரு காலைப் பொழுது போதும். ஒவ்வொருவரும் எட்டும் உச்ச ஸ்வரத்தைக் குறிக்க வேண்டாம். சத்தம் போட்டால் யாருக்கும் இரண்டு ஸ்வரம் கூடுதலாக எட்டும். மெதுவாக, 'ஊ' என்று 8 விநாடி நிறுத்திப் பாட முடிகிற உச்சத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரம் பயிற்சி ஆன பிறகு அதையே மறுபடி எடுங்கள். இரண்டுக்கும் நடுவே முழு ஸ்வரம் இறங்கியிருந்தால் இரண்டாவதுதான் உங்கள் உண்மையான எல்லை. பதிவின் மூன்றாவது டேக் (ஒரே பாட்டை மறுபடி பாடிப் பதியும் சுற்று) அந்தக் குரலில்தான் நடக்கும்.

அடுத்தது, வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டை முழுதாகப் பாடி, முடிவில் சுருதிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரை ஸ்வரத்துக்குள் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு சாவிகளின் இடைவெளி) இறங்கியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் என்றால் கட்டை (பாட்டின் அடிப்படைச் சுருதி) அதிகம், அல்லது மூச்சு போதவில்லை.

மூன்றாவது சோதனை குரலின் ஆட்டம். நல்ல குரலில் இயல்பான அசைவு விநாடிக்கு 5 முதல் 7 முறை இருக்கும். வயது ஏற ஏற அது 5-க்குக் கீழே போய் அகலமும் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல்நாண் தடித்து உச்சம் குறையும், கீழே கொஞ்சம் கூடும். ஆண்களுக்குக் குரல்நாண் மெலிந்து காற்று கசியும். அதனால் சொப்ரானோ ஒரு விதமாகவும் டெனர் வேறு விதமாகவும் வயதாகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது.

வழி ஒன்று: பழைய கட்டையிலேயே பாடி, கணினியில் திருத்துவது

ஸ்டுடியோக்காரர் முதலில் சொல்வது இதைத்தான். "பாடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." ஆட்டோ-ட்யூன் 1997-லிருந்தும் மெலோடைன் 2001-லிருந்தும் சந்தையில் இருக்கின்றன. ஒற்றைக் குரலுக்கு அவை நல்ல கருவிகள். கூட்டுக்குரலில் அவை செய்யும் சேதத்தை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டுக் காது கொடுத்தால் சட்ஜத் தந்திக்குள் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். கொயரில் 'டோ'வுக்கு (நம் 'ச') மேல் 'மி' (நம் 'க') பாடும் ஆல்டோ போய் உட்கார வேண்டிய இடம் அதுதான். அது சட்ஜத்திலிருந்து 386 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கீபோர்டின் 'மி' 400 சென்ட். வித்தியாசம் 14 சென்ட். கேட்கச் சின்னதாகத் தெரியும், கணக்குப் போட்டால் அப்படியில்லை. 2 கட்டையில், அதாவது டி ஸ்கேலில், பேஸ் நடு 'டோ'விலும் ஆல்டோ கீபோர்டு 'மி'யிலும் நின்றால், இரண்டின் மேல் ஒலிகளும் மோதி விநாடிக்கு சுமார் 6 முறை அதிரும். ஆல்டோ அந்த 14 சென்ட்டைக் காதால் இறக்கிவிட்டால் அதிர்வு நின்று, அறையே ஒரு முறை மணி அடித்த மாதிரி திறந்துகொள்ளும். அந்த நொடிக்காகத்தான் கூட்டுக்குரலே.

திருத்தும் மென்பொருளை அப்படியே ஓடவிட்டால் ஒவ்வொரு குரலையும் கீபோர்டு ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆல்டோ சரியாகப் பாடியிருந்தாலும் அதைத் தப்பென்று நினைத்து 14 சென்ட் ஏற்றிவிடும். கேட்பவருக்கு எல்லாம் சரியாகவும் உயிரில்லாமலும் இருக்கும். காரணம் சொல்லத் தெரியாது, பாட்டை மட்டும் பாதியில் நிறுத்திவிடுவார்.

இரண்டாவது சேதம் நடைமுறை சார்ந்தது. திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு குரலும் தனி டிராக்கில், பக்கத்துக் குரல் கசியாமல் இருக்க வேண்டும். ஒரே அறையில் பாடினால் சொப்ரானோவின் குரல் ஆல்டோ மைக்கிலும் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் திருத்திய குரலும் திருத்தாத குரலும் சேர்ந்தே கேட்கும். ஆக, இந்த வழியைத் தேர்ந்த நிமிஷமே தனித்தனியாகப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஹெட்ஃபோனில் தாளக் கிளிக்கும் கீபோர்டும் கேட்டு ஆளாளுக்குத் தனியாகப் பாடுவார்கள், கீபோர்டோடுதான் சுருதி சேர்வார்கள், ஒருவரோடு ஒருவர் சேர மாட்டார்கள். முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பாடியவர்களின் ஒரே சொத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது இது. பின்னாளில் அறைப் பதிவுக்கு மாறலாம் என்றால் எடுத்ததெல்லாம் வீண். எதிர்த்திசையிலும் அப்படியே.

வேறு வழியே இல்லாமல் இதைச் செய்வதானால் சில எல்லைகள் உண்டு. 25, 30 சென்ட்டுக்கு மேல் விலகிய ஸ்வரங்களை மட்டும் கையால் தொடுங்கள். தானியங்கித் திருத்தமே வேண்டாம். மேஜர் ஸ்வரக்கூட்டில், அதாவது டோ-மி-ஸோ சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், 'மி' பாடும் குரலைத் தொடாமல் விட்டுவிடுங்கள். திருத்த வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் படிக்கட்டு கேட்கும். எட்டாத உச்சத்துக்காகக் குரலை இரண்டு அரை ஸ்வரத்துக்கு மேல் தூக்கினால் அது மெலிந்து யாரோ ஒருவர் குரலாகிவிடும்.

வழி இரண்டு: கட்டையை இறக்கிப் பாகங்களை மாற்றி எழுதுவது

எங்கள் தீர்ப்பு இந்தப் பக்கம்தான், ஆனால் இதற்குப் பென்சிலும் பொறுமையும் வேண்டும். 'கட்டையை இறக்கிடுவோம்' என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எஃப் ஸ்கேலில், 4 கட்டையில், இருந்த பாட்டை 2 கட்டைக்கு இறக்கினால் மூன்று அரை ஸ்வரம் குறைகிறது. சொப்ரானோ மூச்சு விடுகிறார். பேஸ் மூழ்குகிறார். 4 கட்டையில் கீழ் 'டோ'வைத் தொட்ட பேஸுக்கு 2 கட்டையின் கீழ் 'டோ' வெறும் காற்று. மேலே இருந்த சிக்கலைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரியான வேலை இப்படி நடக்கும். வரிகளின் முடிவில் பேஸ் 'ஸோ'விலிருந்து (நம் 'ப') கீழ் 'டோ'வுக்கு விழும் இடங்களை முதலில் வட்டம் போடுங்கள். இறக்கிய கட்டையில் அங்கெல்லாம் 'ஸோ'விலிருந்து மேல் 'டோ'வுக்கு ஏற விடுங்கள். பேஸ் நடுவுக்கு வந்துவிட்டதால் டெனருக்கு இடம் நெருக்கும், அவரை 'ஸோ'வில் வையுங்கள். ஆல்டோவுக்கு 'மி', சொப்ரானோவுக்கு 'டோ'. நாலு குரலும் இரண்டு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும், யாரும் எல்லையில் தொங்க வேண்டியதில்லை.

நெருங்கிய அமைப்பில் வரும் ஆபத்து கலங்கல். பியானோவின் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி-யைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பேஸுக்கும் டெனருக்கும் நடுவில் 'டோ-மி' இடைவெளி வைக்காதீர்கள், குழம்பிக் கேட்கும். 'டோ-ஸோ' அல்லது முழு ஸ்தாயி மட்டும் வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு நெருக்கினாலும் இனிக்கும்.

மெட்டு எப்போதும் சொப்ரானோவிடம்தான் இருக்க வேண்டும் என்ற சட்டமில்லை. இரண்டாம் சரணத்தில் மெட்டை ஆல்டோவுக்குக் கொடுத்து, சொப்ரானோ மேலே 'ஊ' என்று மெல்ல நிற்கட்டும். பழைய சொப்ரானோக்களை ஆல்டோவுக்கும், கீழ்க்குரல் கனத்த ஆல்டோ ஒருவரை டெனர் வரிசைக்கும் மாற்றுவது எல்லா ஊர்க் கொயரிலும் நடப்பதுதான். இந்த மாற்றத்தைச் சொல்வது மட்டும் கொயர் மாஸ்டரின் ராஜதந்திரத்தைப் பொறுத்தது. நாற்பது வருஷம் முதல் வரிசையில் நின்ற அக்காவிடம் "உங்க கீழ்க்குரல்தான்க்கா இந்தப் பாட்டுக்கு வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட.

மூச்சையும் எழுத்திலேயே தீர்க்க வேண்டும். பாகத்துக்கு இருவர் இருந்தால் மாற்றி மாற்றி மூச்சு எடுக்கலாம், யார் எங்கே எடுப்பது என்று தாளிலேயே குறியுங்கள். பாகத்துக்கு ஒருவர்தான் என்றால் 6 முதல் 8 விநாடிக்கு ஒரு இடைவெளி வரும்படி வரியை உடையுங்கள். உடைக்கும்போது நெடிலை நீட்டுங்கள், குறிலை நீட்டாதீர்கள், சொல்லே மாறிவிடும். வரி முடிவில் 'ம்', 'ன்' வந்தால் ஒருவர் மட்டும் மூடட்டும். எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் வாயை மூடினால் அந்த இடம் வண்டு பறந்த மாதிரி இருக்கும்.

டானிக் சல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதும் முறை) தாளிலிருந்து பாடுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கட்டை மாறினாலும் எழுத்து மாறாது, மாற்றி எழுதிய இடங்களை மட்டும் சிவப்பில் கொடுத்தால் போதும். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறியீடு) குழுக்களுக்கு முழுப் பிரதியும் புதிதாக வேண்டும்.

வழி மூன்று: இளங்குரல்களைச் சேர்ப்பது

கல்லூரிக் கொயரிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டால் உச்சி தீர்ந்தது என்று தோன்றும். எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேர் வரை சரி. நான்கானால் ஆல்பம் அவர்களுடையது, பெரியவர்கள் பின்னணி. இளங்குரல் நேராகவும் கூர்மையாகவும் இருப்பதால் தனியாகத் துருத்தும். அவர்களை உச்சி வரிக்கு மட்டும் வைத்து, அரைவட்டத்திலிருந்து ஓரடி பின்னால் நிறுத்துங்கள். 'ஆ'வைக் கொஞ்சம் 'ஓ' பக்கம் இருட்டாக்கிப் பாடச் சொல்லுங்கள். அட்டையில் பேரைப் போடுங்கள். பிள்ளைகள் பாடியதைப் பெரியவர்கள் பாடியதாகக் காட்டினால் முதல் மேடை நிகழ்ச்சியிலேயே குட்டு வெளிப்படும். தனி வழியாக இது தேறாது, இரண்டாம் வழிக்குத் துணையாக நன்றாகத் தேறும்.

வழி நான்கு: பழைய பதிவுகளைத் தூசி தட்டுவது

வீட்டு அலமாரியில் மாஸ்டர் கேசட் இருக்கும் குழுக்கள் இதை முதலிலேயே பார்க்க வேண்டும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஓட்டவே கூடாது, ஹெட்டும் கெட்டு அடுத்த கேசட்டும் கெடும். அதற்கென்று தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமான நாடாவுக்கு, நல்ல டெக்கில் ஹெட்டின் சாய்வைத் திருகிச் சரிசெய்தாலே போன உச்ச ஒலி பாதி திரும்பும். டால்பி (இரைச்சல் குறைப்பு) போட்டுப் பதிந்ததா என்று அட்டையில் பாருங்கள். பழைய டெக்குகளின் வேகம் ஒத்துப்போகாது, பாட்டு கால் ஸ்வரம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். கணினியில் முழுப் பாட்டின் வேகத்தையும் சேர்த்து மாற்றுங்கள், சுருதியை மட்டும் மாற்றாதீர்கள். பெரும்பாலும் கலந்து முடித்த ஸ்டீரியோதான் மிஞ்சியிருக்கும் என்பதால் குரல்களின் அளவை மறுபடி கலக்க முடியாது.

உரிமை விஷயமும் உண்டு. இந்தியச் சட்டப்படி பாட்டெழுதியவர், இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. பழைய கீர்த்தனைகள் பலவற்றில் சிக்கல் இல்லை. தொண்ணூறுகளின் கேசட்டை வெளியிட்ட நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்றினால் சிக்கல் நிச்சயம்.

எதை எடுப்பது

மெதுக்குரல் சோதனையில் சொப்ரானோக்களுக்குப் பழைய உச்சத்தில் அரை ஸ்வரம் மட்டும் குறைகிறது என்றால் அரைக் கட்டை இறக்கினால் போதும், பாகங்களைத் தொட வேண்டாம். முழு ஸ்வரமோ மேலோ குறைந்தால் மாற்றி எழுதுங்கள். பேஸ் ஒருவரே மிஞ்சியிருந்தால் பேஸை நடுவில் நிறுத்தி மூன்று பாகமாகச் சுருக்குவது நாலு பாகத்தை இழுத்துப் பிடிப்பதைவிட மேல். ஆட்டம் அகலமாக இருப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் என்றால் நீண்ட ஸ்வரங்கள் வரும் பாட்டுகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள், சொற்கள் ஓடும் பாட்டுகளில் ஆட்டம் தெரியாது. சேர்ந்து பாடுவதற்கு ஆளே வர முடியாத குழு, ஒருவர் துபாயிலும் ஒருவர் சென்னையிலும் இருந்தால், நான்காம் வழியில் பழைய பதிவுகளோடு புதிதாக மூன்று பாட்டு. பன்னிரண்டு பாட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

முதல் வழியை முழு ஆல்பத்துக்கும் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அறையும் நாளும்

இரண்டாம் வழிக்கு ஒரே அறை வேண்டும். கை தட்டினால் ஒலி ஒன்றரை விநாடியில் அடங்கும் தேவாலயம் அல்லது கல்லூரிக் கூடம் தோதானது. அதைவிட நீண்டால் சொற்கள் கரையும். எட்டுப் பேரை இரண்டு மீட்டர் ஆர அரைவட்டத்தில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய நிறுத்துங்கள். 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து, இரண்டு கண்டன்சர் மைக்குகளைத் தலைக்குச் சற்று மேலே மாட்டுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதிப் பெட்டியில் 'டோ-ஸோ' கேட்டுவிட்டு அதை நிறுத்துங்கள். மூன்று, நான்கு டேக் எடுத்து மூச்சு விடும் இடங்களில் வெட்டி ஒட்டலாம். சுருதி எல்லா டேக்கிலும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வெட்டு ஒட்டும், அதனால் பெட்டியை மறக்காதீர்கள். கீபோர்டு கூடவே வாசிக்க வேண்டாம். வாத்தியம் கட்டாயம் வேண்டுமென்றால் பாட்டின் முன்னும் இடையிலும் வரட்டும். ரிதம் லூப்பும் கீபோர்டு வயலின்களும் குரலை மறைக்கத்தான் வருகின்றன, மறைத்தும் விடுகின்றன.

மதுரையில் கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. வயதேறிய குரல் காலை 10 முதல் பகல் 12:30 வரை நன்றாக இருக்கும், கோரிப்பாளையமும் சிம்மக்கல்லும் அப்போதுதான் அலறும். ராத்திரியில் தெரு அடங்கும்போது குரலும் அடங்கிவிடுகிறது. பசுமலை, அழகர்கோயில் சாலைப் பக்கம் கூடம் கிடைத்தால் காலையை வைத்துக்கொள்ளலாம். நகருக்குள் என்றால் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை. மின்விசிறி ஓடக்கூடாது என்பதால் ஏப்ரல், மே கிடையாது. ஆடியில் கூம்பு ஒலிபெருக்கி, மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, டிசம்பர் முழுக்கக் கேரல் ரவுண்ட்ஸில் தொண்டை கட்டிய நிலை. பொங்கலும் ஜல்லிக்கட்டும் முடிந்து லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கும் வரை உள்ள இடைவெளிதான் மிஞ்சுகிறது. அதிலும் தைக் கல்யாண மண்டபங்கள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எந்தக் கிழமை என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு அமர்வுக்கு இரண்டு பாட்டு. 20 நிமிடம் பாடினால் 10 நிமிடம் பேசாமல் ஓய்வு. தண்ணீர் வெதுவெதுப்பாக. ஜிகர்தண்டாவுக்குப் பதிவு முடிந்த பிறகு விளக்குத்தூண் போய்க்கொள்ளலாம். கடைசியில் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிந்துகொள்ளுங்கள், வெட்டிய இடங்களை நிரப்ப அது உதவும்.

கலவையை முடிவு செய்யும் உரிமையைக் கொயர் மாஸ்டரிடம் மட்டும் விடாதீர்கள். அறுபதைத் தாண்டிய காதில் உச்ச ஒலிகள் குறைந்திருக்கும். அவருக்குச் சரியாகக் கேட்கும் வரை ட்ரெபிளைக் கூட்டினால் மற்றவர்களுக்கு 'ச'வும் 'ஸ'வும் காதைக் கீறும். அவர் பாகங்களின் அளவைச் சொல்லட்டும். பளபளப்பை இருபத்தைந்து வயதுக் காது ஒன்று தீர்மானிக்கட்டும். இறுதிக் கலவையைப் போனிலும் காரிலும் தேவாலய மைக் செட்டிலும் ஒரு முறை போட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் கேட்கப்போவது அவற்றில்தான்.